மனிதர் செய்த தீங்கில் தேவன் எங்கே? ஓர் இளவரசியின் கேள்வி



இந்த வாரத் தியானத்தில், ஏறக்குறைய 380 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் வாழ்ந்த ஓர் இளவரசியின் கடிதங்களிடம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அவர் பிரசங்கியாரும் அல்ல, வேதாகமத்துக்கு விளக்கவுரை எழுதியவரும் அல்ல. ஆனாலும் நம்மில் அநேகர் நெஞ்சில் சுமந்துகொண்டு, வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற ஒரு கேள்வியை, அவர் தம் காலத்தின் மிகப் பெரிய தத்துவ ஞானியிடம் துணிந்து கேட்டார்.

அந்தக் கேள்வி நமக்குப் புதியதன்று. வீட்டில் ஒருவர் வியாதிப்பட்டால், கண்ணீரோடானாலும், "ஆண்டவருடைய சித்தம்" என்று சொல்லுகிறோம். புயலில் கூரை பறந்துபோனாலும் அப்படியே சொல்லித் தேறுகிறோம். ஆனால் உடன்பிறந்த சகோதரனே பொய்ப் பத்திரம் எழுதி நிலத்தைப் பறித்துக்கொண்டால்? நம்பிப் பணம் கொடுத்த சிநேகிதன் கைவிரித்துவிட்டால்? அங்கே அதே வார்த்தையைச் சொல்ல நாவு எழுவதில்லை. காற்றுக்குச் சித்தம் இல்லை, மனிதனுக்கோ உண்டு. அவன் வேறு விதமாய்ச் செய்திருக்கலாம், செய்யவில்லை. அப்படியானால் நடந்ததற்குக் காரணம் அவனா, தேவனா?

இத்தகைய கேள்விகளை ஆராயும் துறைக்கு மெய்ப்பொருளியல் என்று பெயர். காரணம் என்பது என்ன? தேவன் இவ்வுலகில் எவ்விதமாய்ச் செயல்படுகிறார்? மனிதனுடைய சித்தம் உண்மையில் சுயாதீனமானதா? மனம் சரீரத்தை அசைப்பது எப்படி? கல்லூரிப் பாடத்தில் இவை நான்கு தனித்தனி அதிகாரங்களாக இருக்கலாம். அந்த இளவரசியின் வாழ்க்கையிலோ நான்கும் ஒன்றாய்ப் பின்னிக் கிடந்தன.

யுத்தத்தின் ஆண்டில் பிறந்தவர்

அவர் பெயர் எலிசபெத். 1618 டிசம்பர் 26ஆம் நாள் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் பிறந்தார். தந்தை பலாட்டினேட் நாட்டின் அதிபதியான ஐந்தாம் பிரெடரிக். தாய், இங்கிலாந்தின் மன்னர் முதலாம் ஜேம்ஸின் மகள். ஆங்கில வேதாகமத்தின் புகழ்பெற்ற 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு எந்த அரசரின் பெயரால் அறியப்படுகிறதோ, அவரே எலிசபெத்தின் தாத்தா.

ஹைடல்பர்க் என்ற பெயர் சீர்திருத்த சபைகளுக்கு நன்கு தெரிந்த பெயர். 1563இல் அங்கே எழுதப்பட்ட ஹைடல்பர்க் வினாவிடை இன்றும் உலகெங்கும் போதிக்கப்படுகிறது. அதை எழுதுவித்த மூன்றாம் பிரெடரிக் எலிசபெத்தின் முன்னோர்களில் ஒருவர். வாழ்விலும் சாவிலும் உனக்குள்ள ஒரே ஆறுதல் என்ன என்று அதன் முதல் வினா கேட்கிறது. ஆத்துமாவோடும் சரீரத்தோடும் நான் என் மீட்பருக்கே சொந்தம் என்பது அதன் விடையின் சாரம். மழையும் வறட்சியும், ஆரோக்கியமும் வியாதியும் தற்செயலாய் வருவதில்லை, பிதாவின் கரத்திலிருந்தே வருகின்றன என்றும் அது போதிக்கிறது. இளவரசி வளர்ந்த விசுவாசம் இதுவே. ஆத்துமா, சரீரம், தேவ பராமரிப்பு ஆகிய இம்மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அவர் கேட்கப்போகும் கேள்விகள் இவற்றைப் பற்றியவையே.

அவர் பிறந்த ஆண்டிலேதான் பிராகா நகரில் கலகம் மூண்டு, முப்பதாண்டுப் போர் தொடங்கியது. மறு ஆண்டில் பொஹேமியாவின் பிரபுக்கள் தங்கள் நாட்டின் கிரீடத்தை அவருடைய தந்தைக்கு அளிக்க முன்வந்தார்கள். வேண்டாம் என்று எச்சரித்தவர்கள் உண்டு. பிரெடரிக்கோ அதைத் தேவனுடைய அழைப்பென்று நம்பி ஏற்றுக்கொண்டார். 1620 நவம்பர் 8ஆம் நாள், பிராகாவுக்கு அருகிலுள்ள வெண்மலையில் நடந்த போர் சில மணி நேரத்தில் முடிந்தது. அவருடைய சேனை சிதறியது. ஏறக்குறைய ஓராண்டே நிலைத்த அந்த ஆட்சியைப் பரிகசித்து, அவரைக் குளிர்கால ராஜா என்று அழைத்தார்கள். பொஹேமியாவை மட்டுமல்ல, தம் சொந்த நாட்டையும் அவர் இழந்தார். குடும்பம் நெதர்லாந்தின் ஹேக் நகரில் தஞ்சம் புகுந்தது.

துயரங்கள் தொடர்ந்தன. 1629இல் மூத்த சகோதரர் படகு விபத்தில் நீரில் மூழ்கி இறந்தார். 1632இல் தந்தை காய்ச்சலால் மரித்தார். எலிசபெத்துக்கு அப்போது 13 வயது. போலந்தின் மன்னரோடு திருமணம் பேசப்பட்டபோது, அதற்காகத் தம் சபையை விட்டு மாறவேண்டும் என்பதற்கு அவர் இசையவில்லை. லத்தீன் மொழியிலும் கணிதத்திலும் தேர்ந்தார். அவருடைய கல்வியைக் கண்டு உடன்பிறந்தார் அவரைக் கிரேக்கப் பெண் என்று கேலியாய் அழைத்தார்களாம்.

தொடாததைத் தள்ள முடியுமா?

அந்நாளில் நெதர்லாந்தில் வாழ்ந்துவந்த பிரெஞ்சு ஞானி ரெனே டெக்கார்ட், 1641இல் தியானங்கள் என்னும் நூலை வெளியிட்டார். உலகில் இருவகைப் பொருள்கள் உண்டு என்றார் அவர். ஒன்று சரீரம். அதற்கு நீளம், அகலம், உயரம் உண்டு, ஆனால் அது சிந்திப்பதில்லை. மற்றொன்று ஆத்துமா அல்லது மனம். அது சிந்திக்கும், ஆனால் அதற்கு அளவும் இல்லை, இடமும் இல்லை. இரண்டும் முற்றிலும் வேறானவை. ஆகையால் சரீரம் அழிந்தாலும் ஆத்துமா அதனோடு அழியவேண்டியதில்லை. இதைக் கேட்கும் கிறிஸ்தவ நெஞ்சம் மகிழத்தான் செய்யும்.

எலிசபெத் அந்நூலைப் படித்தார். 1643 மே மாதம், தமது 24ஆம் வயதில், டெக்கார்ட்டுக்கு முதல் கடிதம் எழுதினார். அவருடைய வினாவை நம் வார்த்தைகளில் சொல்லிப் பார்ப்போம். ஒரு பொருள் மற்றொன்றை அசைக்கவேண்டுமானால் அதைத் தொடவேண்டும், தள்ளவேண்டும். தொடுவதற்கு ஒரு பரப்பு வேண்டும். ஆத்துமாவுக்கோ பரப்பே இல்லை என்கிறீர். பின்னே அது சரீரத்தை அசைப்பது எப்படி?

சபையாரே, இதை எளிதாய் எண்ணிவிடாதீர்கள். ஆராதனையில் நீங்கள் கையை உயர்த்துகிறீர்கள். தசை சுருங்கியதால் கை உயர்ந்தது. நரம்பு தூண்டியதால் தசை சுருங்கியது. மூளையில் ஏற்பட்ட அசைவு நரம்பைத் தூண்டியது. அந்த அசைவை எழுப்பியது எது? "துதிக்கவேண்டும் என்ற என் விருப்பம்" என்பீர்கள். எடையும் அளவும் இல்லாத விருப்பம், எடையும் அளவும் உள்ள மூளையை எந்த இடத்தில், எவ்விதமாய்த் தொட்டது? இளவரசியின் கேள்வி இதுதான். காரணம் என்றால் என்ன என்பதும் மனம் என்றால் என்ன என்பதும் ஒரே வினாவில் வந்துவிட்டன.

டெக்கார்ட் ஓர் உவமையால் பதில் எழுதினார். கல்லின் பாரம் கல்லைக் கீழே இழுக்கிறது என்கிறோம். பாரம் என்பது கையால் பிடித்துத் தள்ளும் ஒரு பொருள் அன்று. ஆயினும் அது கல்லை அசைப்பதாய் எண்ணுவதில் நமக்குச் சிரமமில்லை. ஆத்துமா சரீரத்தை அசைப்பதையும் அவ்வாறே எண்ணிக்கொள்ளலாம் என்றார்.

எலிசபெத் திருப்தியடையவில்லை. பாரத்தைப்பற்றிய அந்தப் பழைய எண்ணம் தவறு என்று காட்டியவரே நீர்தாமே, தவறான எண்ணத்தைக் கொண்டு உண்மையை எப்படி விளக்குவது என்று ஜூன் மாதத்தில் திருப்பிக் கேட்டார். பொருளற்ற ஒன்று பொருளை அசைக்கிறது என்று ஒப்புவதைவிட, ஆத்துமாவுக்கும் ஏதோ ஒரு பரப்பு உண்டு என்று ஒப்புவது தமக்கு எளிது என்றும் எழுதினார். மேலும் ஒன்றைக் கவனித்தார். நன்றாய்ச் சிந்திக்கிற ஒருவர், சரீரத்தில் ஏற்படும் கோளாறினால் சிந்திக்கும் ஆற்றலையே இழந்துவிடுவதுண்டு. சரீரமின்றியே வாழக்கூடிய ஆத்துமா, சரீரத்துக்கு இவ்வளவு கட்டுப்படுவது ஏன்?

டெக்கார்ட் அளித்த இரண்டாம் பதில் ஆழமானது. ஆத்துமாவும் சரீரமும் ஒன்றாயிருப்பதைத் தத்துவ விசாரணையால் அறியமுடியாது, அன்றாட வாழ்க்கையிலும் சாதாரண உரையாடலிலும்தான் அறிகிறோம் என்றார். தாமே இத்தகைய விசாரணைக்கு ஆண்டில் சில மணி நேரங்களையே செலவிடுவதாகவும் எழுதினார். வினாவைத் தட்டிக்கழித்தார் என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் குழந்தையை இடுப்பில் தூக்கி வைக்கும் தாய்க்கு, அன்பு கையை எப்படி அசைக்கிறது என்ற விளக்கம் தேவைப்படுவதில்லை. அவள் அதை வாழ்ந்தே அறிந்திருக்கிறாள்.

டெக்கார்ட் கத்தோலிக்கர், எலிசபெத் சீர்திருத்த சபையைச் சேர்ந்தவர். அந்த வேறுபாடு அவர்களுடைய நட்பைத் தடுக்கவில்லை. 1644இல் டெக்கார்ட் தமது தத்துவக் கோட்பாடுகள் நூலை எலிசபெத்துக்கே அர்ப்பணித்தார்.

காய்ச்சலும் கண்ணீரும்

1645ஆம் ஆண்டில் எலிசபெத் வியாதிப்பட்டார். விடாத மெல்லிய காய்ச்சலும் வறட்டு இருமலும் அவரை வாட்டின. இத்தகைய காய்ச்சலுக்குப் பொதுவான காரணம் துக்கமே என்று டெக்கார்ட் எழுதினார். குடும்பத்தின்மேல் அடுத்தடுத்து விழுந்த இடிகளை அவர் அறிந்திருந்தார். எலிசபெத்தும் அதை மறுக்கவில்லை. ஆத்துமாவின் துயரம் தம் சரீரத்தில் எளிதாய்ப் பற்றிக்கொள்வதாக ஒப்புக்கொண்டார். ஆத்துமா சரீரத்தை எப்படித் தொடும் என்று கேட்டவர், தம் சொந்த சரீரத்திலேயே அதை அனுபவித்துக்கொண்டிருந்தார்.

ஆறுதலுக்காக இருவரும் ரோம ஞானி செனெக்காவின் நூலைப் படித்து விவாதித்தார்கள். தேவன் இருக்கிறார், எல்லாம் அவரிடத்திலிருந்து வருகிறது என்று அறிந்தால் மனம் அமைதியடையும் என்று டெக்கார்ட் எழுதினார். அதற்கு 1645 செப்டம்பர் 30ஆம் நாள் எலிசபெத் எழுதிய பதிலே இந்தத் தியானத்தின் மையம்.

அதன் கருத்து இது. தேவன் உண்டென்று அறிவது, இயற்கையின் போக்கில் வரும் துன்பங்களில் நமக்கு ஆறுதல் தரும். புயல் வந்தாலும், வியாதியோ மரணமோ வந்தாலும், அவருடைய ஒழுங்கில் நடக்கிறது என்று தேறலாம். ஆனால் மனிதர் நமக்குச் செய்யும் தீங்குகளில் அந்த அறிவு மட்டும் ஆறுதல் தராது. ஏனெனில் மனிதருடைய சித்தம் முற்றிலும் சுயாதீனமானதாய்த் தோன்றுகிறது. அவர்களுடைய சித்தங்களையும் தேவன் ஆளுகை செய்கிறார் என்று நம்மை நம்பவைப்பது விசுவாசம் ஒன்றே.

யார் இதை எழுதுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். சகோதரரைத் தண்ணீரும் தந்தையைக் காய்ச்சலும் கொண்டுபோயின. அவற்றுக்கு ஆறுதல் உண்டு என்கிறார். ஆனால் நாட்டைப் பறித்தது தண்ணீரும் அல்ல, காய்ச்சலும் அல்ல. மனிதர் தீர்மானித்தார்கள், மனிதர் படையெடுத்தார்கள். தேவ அழைப்பென்று நம்பித் தந்தை எடுத்த முடிவும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியே. வேதாகமத்தில் யோபுவின் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சபேயர் வந்து எருதுகளைக் கொண்டுபோனார்கள். வானத்து அக்கினி ஆடுகளைப் பட்சித்தது. கல்தேயர் ஒட்டகங்களைக் கொள்ளையிட்டார்கள். பெருங்காற்று வீட்டை இடித்தது. மனிதர், இயற்கை, மனிதர், இயற்கை என்று மாறிமாறி நான்கு செய்திகள் வருகின்றன. யோபுவோ எல்லாவற்றையும் கர்த்தரின் கரத்தில் ஒப்புவித்தார். அவர் ஒரே வார்த்தையில் சேர்த்துச் சொன்னதை எலிசபெத் பிரித்துப் பார்த்தார். அக்கினியை அப்படிச் சொல்லலாம், சபேயரை எப்படிச் சொல்வது?

இரண்டு ஊர்களின் இரண்டு கனவான்கள்

டெக்கார்ட் பின்வாங்கவில்லை. தேவன் பூரணமானவர் என்றால் அவருக்குப் புறம்பாக எதுவும் நடக்க முடியாது, மனிதருடைய சுயாதீனச் செயல்களும் அதில் அடக்கம் என்று அக்டோபரில் எழுதினார். அப்படியானால் சுயாதீனம் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று எலிசபெத் கேட்டார். தேவனைச் சார்ந்திருப்பதும் சுயாதீனமாயிருப்பதும் ஒன்றோடொன்று மோதுகின்றனவே என்றார். அதே ஆண்டில் அவருடைய சகோதரர் எட்வர்ட், குடும்பத்தின் சபையை விட்டுப் பிரான்சில் கத்தோலிக்க சபையில் சேர்ந்து திருமணம் செய்துகொண்டார். அந்தச் செய்தி எலிசபெத்தை மிகவும் நோகச்செய்தது. ஒருவருடைய சுயசித்தம் மற்றவரைக் காயப்படுத்தும் என்பது அவருக்கு அன்று வெறும் வாதப் பொருளாய் இருக்கவில்லை.

1646 ஜனவரியில் டெக்கார்ட் ஓர் உவமை எழுதினார். ஒரு ராஜா தம் தேசத்தில் வாட்சண்டையைத் தடைசெய்திருக்கிறார். வெவ்வேறு ஊர்களில் வாழும் இரண்டு கனவான்கள் ஒருவரையொருவர் பகைக்கிறார்கள், சந்தித்தால் சண்டை நிச்சயம் என்று ராஜாவுக்குத் தெரியும். தெரிந்தும், ஏதோ ஒரு காரியமாக, ஒரே நாளில் ஒருவரை மற்றவருடைய ஊருக்குப் போகும்படி இருவருக்கும் கட்டளையிடுகிறார். வழியில் சந்திக்கிறார்கள், சண்டையிடுகிறார்கள். அவர்களை வற்புறுத்தியவர் யார்? ஒருவரும் இல்லை. ராஜாவே அறியாதிருந்தால் எவ்வளவு சுயாதீனமாய்ச் சண்டையிட்டிருப்பார்களோ, அவ்வளவு சுயாதீனமாகவே இப்போதும் சண்டையிட்டார்கள். ஆகையால் தண்டனைக்கும் உரியவர்களே.

இந்த உவமையில் ஓர் உண்மை உண்டு. ஒருவன் செய்யப்போவதை முன்னறிவதும், அவனைச் செய்யவைப்பதும் ஒன்றல்ல. முன்னறிவு சித்தத்தைக் கட்டிப்போடுவதில்லை. ஆனால் உவமையின் குறையையும் மறைக்கவேண்டியதில்லை. அந்த ராஜா அவர்களுடைய பகையை உண்டாக்கவில்லை, அவர்களுடைய இருதயத்தைச் சிருஷ்டிக்கவும் இல்லை. தேவனோ சிருஷ்டிகர். மேலும், சண்டை நடக்கும் என்று தெரிந்தே இருவரையும் ஒரே பாதையில் அனுப்பிய ராஜாவை நல்லவர் என்று சொல்வோமா? ராஜாவின் உவமை முன்னறிவைத் தெளிவாக்குகிறது. தேவனுடைய நற்குணத்தை விளக்க அது போதாது.

அந்த உவமை எழுதப்பட்டு ஆறு மாதம்கூட முழுதாய்க் கடக்கவில்லை. 1646 ஜூன் மாதம், எலிசபெத்தின் தம்பி பிலிப், தம்மோடு பகை கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுக் கனவானை ஹேக் நகரின் தெருவில் கொன்றுவிட்டு நாட்டை விட்டு ஓடினார். உவமையில் வந்த கனவான்களில் ஒருவர் அவருடைய சொந்த வீட்டிலேயே இருந்தார். அந்த ஆண்டிலேயே எலிசபெத் ஹேக் நகரை விட்டுப் பிராண்டன்பர்க்கிலுள்ள உறவினரிடம் சென்றார். அவரும் டெக்கார்ட்டும் மறுபடி நேரில் சந்திக்கவில்லை. 1649 ஜனவரியில் அவருடைய தாய்மாமனும் இங்கிலாந்தின் மன்னருமான முதலாம் சார்லஸ் லண்டனில் சிரச்சேதம் செய்யப்பட்டார். 1650 பிப்ரவரியில் டெக்கார்ட் ஸ்வீடனில் மரித்தார். அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த அவருடைய கடைசிப் பெருநூலான ஆத்துமாவின் உணர்ச்சிகள், இளவரசியின் கேள்விகளிலிருந்து வளர்ந்த நூல்.

கேள்வி ஓயவில்லை

இளவரசி எழுப்பிய வினாவுக்குப் பின்வந்த ஞானிகள் பல வழிகளில் விடை தேடினார்கள். பிரெஞ்சுக் குருவான மால்பிராஞ்ச், உண்மையில் காரணமாயிருப்பவர் தேவன் ஒருவரே என்றார். நாம் விரும்பும் தருணத்தில் கையை அசைப்பவர் அவரே என்பது அவருடைய போதனை. அப்படியானால் வாளை ஓங்கும் கையை அசைப்பவர் யார் என்ற கேள்வி உடனே எழும். எலிசபெத்தின் இளைய தங்கை சோபியாவின் நண்பரான லைப்னிட்ஸ், மனமும் சரீரமும் ஒன்றையொன்று தொடுவதேயில்லை என்றார். ஒரே நேரம் காட்டும்படி தொடக்கத்திலேயே சரிசெய்யப்பட்ட இரண்டு கடிகாரங்களைப்போல இரண்டையும் தேவன் அமைத்தார் என்றார். ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூமோ, ஒன்றன்பின் ஒன்று வருவதைத்தான் காண்கிறோமேயன்றி, காரணத்தின் வல்லமையை எங்கும் காண்பதில்லை என்றார். இன்றைய மூளை ஆராய்ச்சியிலும் மனம் என்றால் என்ன என்ற வினா தீர்ந்துபோகவில்லை.

எலிசபெத் கேட்டுக்கொண்டிருந்த அதே 1646ஆம் ஆண்டில், லண்டனில் கூடிய போதகர்கள் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையை எழுதி முடித்தார்கள். தேவன் எல்லாவற்றையும் தீர்மானித்திருக்கிறார், ஆயினும் சிருஷ்டிகளின் சித்தத்தை வற்புறுத்துவதில்லை, இரண்டாம் நிலைக் காரணங்களின் சுயாதீனத்தை எடுத்துப்போடுவதும் இல்லை என்பது அதன் போதனை. இரண்டாம் நிலைக் காரணம் என்றால் மழையும் விதையும், உழைப்பும் சித்தமும்தான். வயல் விளைந்தது விவசாயியாலா, தேவனாலா என்று கேட்டால் பாதி இவரால், பாதி அவரால் என்று யாரும் பங்கு போடுவதில்லை. பவுல் நட்டார், அப்பொல்லோ நீர் பாய்ச்சினார், விளையச்செய்தவர் தேவன் என்று கொரிந்து சபை கற்றுக்கொண்டதும் இதுவே. தேவனுடைய செயலும் மனிதனுடைய செயலும், ஒரே கயிற்றை இரு பக்கமும் இழுக்கும் இரண்டு கைகள் அல்ல.

தீமையைப்பற்றி வேதம் இன்னும் நுட்பமாய்ப் பேசுகிறது. யோசேப்பு தம்மை விற்ற சகோதரரிடம், நீங்கள் செய்தது தீமையல்ல என்று சொல்லவில்லை. அவர்கள் தீமையையே நினைத்தார்கள், அதே காரியத்தில் தேவன் நன்மையை நினைத்தார் என்கிறார் (ஆதியாகமம் 50:20). செயல் ஒன்று, நோக்கங்கள் இரண்டு. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவும், இயேசு தேவனுடைய திட்டத்தின்படியும் முன்னறிவின்படியும் ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்கிறார், அதே வசனத்தில் அவரைக் கொன்றவர்கள் அக்கிரமக்காரரே என்றும் சொல்லுகிறார் (அப்போஸ்தலர் 2:23). எப்படி இரண்டும் பொருந்துகின்றன என்று பேதுரு விளக்கவில்லை. ஒன்றை மற்றொன்றுக்காக விட்டுக்கொடுக்கவும் இல்லை. ராஜாவின் உவமைக்கும் சிலுவைக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். அந்த ராஜா தூரத்தில் இருந்தார். நம் ராஜாவோ மனிதருடைய சித்தம் செய்த தீங்கைத் தம் சரீரத்திலேயே ஏற்றார்.

திறந்த கதவு

1667இல் எலிசபெத், ஜெர்மனியின் ஹெர்போர்டு நகரிலிருந்த புராட்டஸ்டண்ட் பெண்கள் மடத்தின் தலைவியானார். 1670இல் லபாடி என்ற போதகரைப் பின்பற்றிய ஒரு சிறுகூட்டம் ஆம்ஸ்டர்டாமை விட்டு வெளியேற நேர்ந்தது. அவர்களில் எலிசபெத்தின் பழைய தோழியான அறிஞர் ஆன்னா மரியா வான் ஷுர்மனும் ஒருவர். எலிசபெத் அவர்களுக்குத் தஞ்சம் கொடுத்தார். ஊரார் எதிர்த்தபோதும் அவர்கள் பக்கம் நின்றார். 1677இல், இங்கிலாந்தில் உபத்திரவப்பட்ட குவேக்கர் சபையின் வில்லியம் பென் அவரைச் சந்தித்தார். எலிசபெத் அவர்களுடைய சபையில் சேரவில்லை. ஆனால் அவர்கள் சொன்னதைக் கவனமாய்க் கேட்டார், தம் மடத்தில் கூடி ஆராதிக்க இடம் கொடுத்தார். 1680 பிப்ரவரியில் அங்கேயே மரித்தார். டெக்கார்ட்டுக்கு எழுதிய கடிதங்களை அச்சிட அனுமதி கேட்கப்பட்டபோது அவர் மறுத்துவிட்டார். அவை உலகத்தின் கண்ணில் பட்டது 1879இல்தான், அவர் மரித்து ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்குப் பின்பு.

மனிதர் தீர்மானித்ததால் நாடிழந்தவர், நாடிழந்த மற்றவர்களுக்குக் கதவைத் திறக்கத் தீர்மானித்தார். சித்தத்தின் புதிரை அவர் தீர்க்கவில்லை. தம் சித்தத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பதை மட்டும் அறிந்திருந்தார். நம்மில் விருப்பத்தையும் செய்கையையும் உண்டாக்குகிறவர் தேவனே, ஆகையால் நீங்களே பயத்தோடும் நடுக்கத்தோடும் உழையுங்கள் என்று பவுல் பிலிப்பியருக்கு எழுதியதன் பொருள் (2:12, 13) இப்படிப்பட்ட வாழ்க்கையில் விளங்குகிறது.

நமக்கு

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்திலிருந்து மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, கேள்வி அவிசுவாசம் அல்ல. எலிசபெத் கடைசிவரை கேட்டார், கடைசிவரை விசுவாசித்தார். யோபுவின் புஸ்தகத்தின் முடிவில், கேள்வி கேட்ட யோபு நிதானமாய்ப் பேசினான் என்றும், ஆயத்தமான விடைகளோடு வந்த சிநேகிதர் அப்படிப் பேசவில்லை என்றும் கர்த்தரே சொல்லுகிறார். உங்கள் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து கடினமான வினாக்களோடு வந்தால் வாயை அடக்காதேயுங்கள், கூட உட்காருங்கள்.

இரண்டாவது, அநியாயம் அடைந்தவரிடம் "தேவ சித்தம்" என்ற வார்த்தையை அவசரமாய்ச் சொல்லாதிருப்போம். அது உண்மையாயிருந்தாலும், தீங்கு செய்தவனுடைய பொறுப்பை அது துடைப்பதில்லை. அடிபட்ட மனைவி பாதுகாப்பைத் தேடுவதும், ஏமாற்றப்பட்டவர் நியாயஸ்தலத்துக்குப் போவதும் விசுவாசக் குறைவு அல்ல. மன்னித்த யோசேப்பும் முதலில் தீமையைத் தீமை என்றே பெயரிட்டார்.

மூன்றாவது, மனமும் சரீரமும் எப்படி இணைந்திருக்கின்றன என்று ஞானிகளுக்கே முற்றும் தெரியாதபோது, மனச்சோர்வில் வாடும் ஒருவரை "ஜெபம் போதவில்லை" என்று நாம் நியாயந்தீர்ப்பது எப்படி? துக்கம் காய்ச்சலாகும், சரீரக் கோளாறு ஜெபத்தையும் வறளச்செய்யும். அவருக்காக ஜெபிப்போம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். இரண்டு கரங்களும் ஒரே தகப்பனுடையவை.

இந்த வாரத்தில், மனிதர் உங்களுக்குச் செய்த ஒரு தீங்கை, மறைக்காமலும் மெருகிடாமலும், அதன் உண்மையான பெயரைச் சொல்லி, கர்த்தருடைய சமுகத்தில் வையுங்கள். அதன்பின் உங்கள் சித்தத்துக்கு உட்பட்ட ஒரு கதவு எது என்று பாருங்கள். அதை யாருக்காகத் திறக்கலாம் என்று கேளுங்கள்.

ஆத்துமாவையும் சரீரத்தையும் இணைத்தவரும், நம் சித்தத்தை நெரிக்காமலே நடத்துகிறவருமாகிய தேவன், நம்மைக் கிறிஸ்துவுக்குச் சொந்தமானவர்களாகக் காத்துக்கொள்வாராக. ஆமென்.